சவுண்ட் கார்டுல கேக்குற ரேடியோ நிலையம்: கிரிமெட்டன்

இன்னைக்கு எபிசோட் ஒரு மெஷினைப் பத்தி. ஸ்வீடன்ல, மேற்குக் கடற்கரையில, வார்பெரி ஊருக்குப் பக்கத்துல கிரிமெட்டன்னு ஒரு சின்ன கிராமம். அங்க 1924-ல வேலையை ஆரம்பிச்ச ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர், நூறு வருஷம் தாண்டியும் ஓடுது. தினமும் இல்ல, வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள்தான். ஓடுற நாள்ல 17.2 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ல மோர்ஸ் கோடு அனுப்பும்.

அந்த நம்பரைக் கொஞ்சம் கவனிங்க. எஃப்.எம். ஸ்டேஷன்னா நூறு மெகாஹெர்ட்ஸ் பக்கம், வைஃபைன்னா கிகாஹெர்ட்ஸ். மனுஷக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். அப்போ இந்த நிலையம் அனுப்புறது ரேடியோ அலைதான், ஆனா அதோட அதிர்வெண் ஆடியோ ரேஞ்சுக்குள்ளயே இருக்கு! 48 ஆயிரம் சாம்பிள் எடுக்குற எந்த சவுண்ட் கார்டும் 24 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பார்க்கும். அதனால ஐரோப்பாவுல பல பேர் ஒரு நீளமான வயரையும் சின்ன ஆம்ப்ளிஃபையரையும் கம்ப்யூட்டரோட மைக் சாக்கெட்ல கோத்து, மீதி எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல செஞ்சு, இந்த நிலையத்தைக் கேக்குறாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் போச்சு. அதோட விளைவுதான் இந்த எபிசோட்.

முதல்ல, ஸ்வீடனுக்கு இது எதுக்குன்னு பார்ப்போம்.

1914 ஆகஸ்ட் 5. முதல் உலகப் போர்ல பிரிட்டன் இறங்கி ஒரு நாள்கூட முழுசா ஆகல. ஒரு பிரிட்டிஷ் கேபிள் கப்பல் கடலுக்குள்ள போய் ஜெர்மனியோட தந்திக் கேபிள்களை அறுத்துடுச்சு. ஜெர்மனி கேபிள் வழியா அமெரிக்காவோட பேசணும்னா இனி அடுத்தவன் வயர்லதான் பேசணும். ஸ்வீடன் அந்தப் போர்ல நடுநிலை நாடு. ஆனா அதோட தந்தியும் மத்தவங்க கையில இருக்குற கேபிள் வழியாத்தான் அட்லாண்டிக்கைத் தாண்டணும். போர்க்காலத்துல கேபிள் யார் கையில இருக்கோ, அவங்க தந்தியைப் படிக்கலாம், தாமதப்படுத்தலாம், நிறுத்தியும் வைக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டோட நடுவுல இருந்து 1920-கள் வரைக்கும் பத்து லட்சத்துக்கு மேல ஸ்வீடன்காரங்க அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்திருந்தாங்க. வியாபாரமும் அந்தப் பக்கம்தான் வளர்ந்துட்டு இருந்துச்சு. அண்ணன் அங்க, அம்மா இங்க, நடுவுல இருக்குற வயர் மட்டும் வேற நாட்டோடது.

1920-ல ஸ்வீடன் நாடாளுமன்றம் ஒரு முடிவு எடுத்துச்சு: அமெரிக்காவோட நேரடியா பேச நமக்குன்னு சொந்தமா ஒரு ரேடியோ நிலையம் வேணும். இடமா கிரிமெட்டனைத் தேர்ந்தெடுத்தாங்க. அங்க இருந்து நியூயார்க் பக்கம் உலக உருண்டை மேல ஒரு கோடு போட்டா, நார்வேயோட தென்முனையை ஒட்டி, ஸ்காட்லாந்துக்கு வடக்கால, பெரும்பாலும் கடல் மேலயே போகும். உப்புத்தண்ணி மேல இந்த அலைகள் அவ்வளவா பலம் இழக்காது.

இப்போ மெஷினுக்கு வருவோம். எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாவே பேசுவேன், பொறுத்துக்கோங்க.

அந்தக் காலத்து டிரான்ஸ்மிட்டர்கள்ல பெரும்பாலானவை தீப்பொறி வகை. கோயில் மணியை ஓங்கி அடிச்சா ஒரு சத்தம் எழுந்து அடங்குதுல்ல, அது மாதிரி. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு அலை எழும், அடங்கும். அக்கம்பக்கத்து அதிர்வெண் எல்லாத்துலயும் கொட்டி நாசம் பண்ணும். தேவைப்பட்டது நாதஸ்வரத்துக்கு ஒத்து பிடிக்கிற மாதிரி அறுபடாம போற ஒரே அலை. வால்வு டியூப்கள் வந்துடுச்சு, ஆனா நூற்றுக்கணக்கான கிலோவாட்டைத் தாங்குற டியூப் அன்னைக்கு சுலபமா கிடைக்கல.

ரெஜினால்ட் ஃபெசெண்டன்னு ஒரு கண்டுபிடிப்பாளர் வேற மாதிரி யோசிச்சார். மின்நிலையத்துல சுத்துற ஜெனரேட்டரும் அறுபடாத அலையைத்தானே தருது? நம்ம வீட்டு கரண்ட் விநாடிக்கு 50 தடவை ஆடுது. அதையே பல்லாயிரம் தடவை ஆட வெச்சா, நேரா ஆண்டெனாவுல கொடுத்துடலாமே? 1904-ல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிகிட்ட அப்படி ஒரு மெஷின் கேட்டார். அந்த வேலை எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் மேசைக்கு வந்துச்சு. அவர் ஸ்வீடன்ல உப்சாலாவுல 1878-ல பிறந்து, 1901-ல அமெரிக்காவுக்குப் போனவர்.

கிரிமெட்டன்ல இருக்குறது அவரோட 200 கிலோவாட் மாடல். அதோட இதயம் 1.6 மீட்டர் விட்டம் உள்ள ஒரு எஃகுத் தட்டு. அதுல சுருள் கிருள் எதுவும் கிடையாது. விளிம்புல 488 வெட்டு, அவ்வளவுதான். காத்து இழுக்காம இருக்க அந்த வெட்டுகளையும் காந்தத்தை ஈர்க்காத உலோகத்தால அடைச்சு வழவழப்பாக்கியிருக்காங்க. தட்டு நிமிஷத்துக்கு 2,115 சுத்து சுத்தும். கணக்குப் போடுங்க: 488-ஐ 2,115 ஆல பெருக்கி 60 ஆல வகுத்தா 17,202. அதுதான் 17.2 கிலோஹெர்ட்ஸ். இங்க அதிர்வெண்ணை முடிவு பண்றது ஒரு இரும்புத் துண்டு சுத்துற வேகம்! விளிம்பு மணிக்குச் சுமார் 640 கிலோமீட்டர் வேகத்துல போகும். பக்கத்துல அசையாம நிக்கிற சுருளுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. மோர்ஸ் கோடுன்னா ஆன், ஆஃப், ஆன், ஆஃப். ஆன் ஆகும்போது மெஷின் மேல முழு பாரமும் ஏறும், ஆஃப் ஆனா பாரம் குறையும். பாரம் குறைஞ்சா தட்டு வேகமா சுத்தப் பார்க்கும். வேகம் மாறினா அதிர்வெண் மாறும், ஆண்டெனாவோட ஒத்திசைவு போயிடும். நம்ம ஆளுங்க ஆட்டோ-ஸ்கேலிங்னு பேசுற பிரச்சினையை இவங்க 1920-கள்ல தண்ணியால செய்யற மின்தடை, காந்த ஆம்ப்ளிஃபையர், வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றுன்னு வெச்சு, ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் சமாளிச்சாங்க. நான் வேலை பார்க்குற டீம்ல ட்ராஃபிக் ஏறி இறங்கினா நாலு டாஷ்போர்டு சிவப்பாகும். இவங்களுக்கு ஒரு ஊசி காட்டுற மீட்டர்தான்.

ஆண்டெனா இன்னொரு கூத்து. 17.2 கிலோஹெர்ட்ஸ்னா ஒரு அலையோட நீளமே 17.4 கிலோமீட்டர். பாடப்புத்தகத்துல சொல்ற மாதிரி கால் அலை உயரத்துக்கு கோபுரம் கட்டணும்னா நாலு கிலோமீட்டருக்கு மேல வேணும். முடியுமா? அதனால 127 மீட்டர் உயரத்துல ஆறு எஃகுக் கோபுரங்களை நிறுத்தி, ஒவ்வொண்ணுக்கும் மேல 46 மீட்டர் நீளத்துக்குக் கை வெச்சு, 2.2 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்தாங்க. பார்க்க நம்ம ஹை-டென்ஷன் லைன் மாதிரியே இருக்கும். ஆனா அலையை வீசுற வேலையை முக்கியமா செய்யறது ஒவ்வொரு கோபுரத்துலயும் மேல இருந்து கீழ இறங்குற கம்பிதான். அதோட அடியில எல்லாம் டியூனிங் காயில். ஒரு பெரிய ஆண்டெனாவுக்குப் பதிலா ஆறு சின்ன ஆண்டெனாவைச் சேர்ந்து பாட வைக்கிற இந்த யோசனையும் அலெக்சாண்டர்சனோடதுதான்.

1924 டிசம்பர் 1-ல சேவை தொடங்குச்சு. 1925 ஜூலை 2-ல மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் வந்து முறைப்படி திறந்து வெச்சார். அங்க இருந்தே அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜுக்கு ஒரு தந்தி போச்சு. அலெக்சாண்டர்சனும் கூட்டத்துல நின்னார்.

திறக்கும்போதே அது பழசாக ஆரம்பிச்சிருந்துச்சு. அடுத்த ரெண்டு மூணு வருஷத்துலயே ஷார்ட்வேவ் வந்து, இதைவிட ரொம்பக் கம்மி சக்தியில, கம்மி செலவுல கண்டம் தாண்டிடுச்சு. உலகத்துல பல இடத்துல போட்டிருந்த இதே மாதிரி மெஷின்கள் ஒண்ணொண்ணா பழைய இரும்புக்குப் போச்சு. போலந்துல வார்சா பக்கத்துல இருந்த நிலையத்தை 1945 ஜனவரியில பின்வாங்கின ஜெர்மன் படை வெடிவெச்சுத் தகர்த்துச்சு. கிரிமெட்டன்லயே ரெண்டு மெஷின் இருந்துச்சு. 1960 வாக்குல ஒண்ணைக் கழட்டிட்டாங்க.

அப்போ மத்தது மட்டும் எப்படித் தப்பிச்சுது? பாரம்பரியம், பெருமைன்னு யாரும் அன்னைக்கு நினைக்கல. ரெண்டாம் உலகப் போர்ல கேபிள்கள் திரும்பவும் அறுபட்டப்போ ஸ்வீடனுக்கு இந்த வழி தேவைப்பட்டுச்சு. அப்புறம் நீர்மூழ்கிக் கப்பல்கள். சாதாரண ரேடியோ அலை கடல்தண்ணிக்குள்ள நுழைஞ்ச உடனே செத்துடும். இவ்வளவு நீளமான அலை மட்டும் பல மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கும். அதனால ஸ்வீடன் கடற்படை 1990-களோட நடுப்பகுதி வரைக்கும் இந்த நிலையத்தை விட மனசில்லாம வெச்சிருந்துச்சு.

இதே இயற்பியலுக்கு நம்ம ஊர்ல ஒரு முகவரி உண்டு. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்துல இந்தியக் கடற்படையோட ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம். 1990-ல தொடங்குனது, வேலை அதேதான்: நீர்மூழ்கிகளுக்குச் செய்தி. 18.2 கிலோஹெர்ட்ஸ்ல அது அனுப்புற சிக்னலைக் கொல்கத்தா விண்வெளி இயற்பியல் ஆய்வாளர்கள் 2009 ஜூலை சூரிய கிரகணத்தப்போ பதிவு செஞ்சு, வானத்துல அயனி அடுக்கு எப்படி மாறுதுன்னு பார்த்தாங்க. செய்தியைப் படிக்கவே வேணாம். சிக்னல் ஏறுது இறங்குதுங்கறதே அவங்களுக்கு டேட்டா.

கிரிமெட்டனை 2004-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா கட்டடத்துக்கும் கோபுரத்துக்கும் பெயிண்ட் அடிச்சு வெச்சுட்டா நிலையம் பிழைச்சுடும்னு நான் நம்பல. அதை உண்மையில காப்பாத்துறது ஓய்வு பெற்றவங்களும் ஆர்வலர்களும் சேர்ந்து நடத்துற ஒரு நண்பர்கள் சங்கம். எந்த சுவிட்சை முதல்ல போடணும், கூலிங் தண்ணியை எப்போ திறக்கணும், தட்டு வேகம் பிடிக்கும்போது எந்தச் சத்தம் சரி, எது சரியில்லங்கறது கை வழியா கைக்குப் போற அறிவு. டாக்குமெண்டேஷன்ல பாதிதான் ஏறும். அதனாலதான் வருஷா வருஷம் ஓட்டிப் பார்க்கறாங்க. ஓட்டுறதை ஒரு பத்து வருஷம் நிறுத்தினா, அப்புறம் ஓட்டத் தெரிஞ்ச ஆளே இருக்க மாட்டாங்க.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைச்சுடாதீங்க. 2024 நவம்பர்ல பால்டிக் கடல்ல ஸ்வீடன்-லிதுவேனியா கேபிளும் ஃபின்லாந்து-ஜெர்மனி கேபிளும் ரெண்டே நாள்ல அடுத்தடுத்து அறுந்துச்சு. 17.2 கிலோஹெர்ட்ஸ் அதுக்கு மாற்று இல்ல, அதுல மோர்ஸ் வேகத்துலதான் எழுத்து போகும், ஒரு வாட்ஸ்அப் போட்டோகூடப் போகாது. ஆனா 1920-ல அந்த நாடாளுமன்றத்துல எழுந்த கேள்வி அப்படியேதான் இருக்கு: வயர் அறுந்தா நம்மகிட்ட வேற என்ன வழி இருக்கு? அவங்க காசு போட்டு ஒரு பதில் கட்டினாங்க. நம்ம பக்கம் இந்தக் கேள்வியைக் கேக்குறவங்களே கம்மி.

சரி, எப்படிக் கேக்குறது? ஜூலை 2-க்குப் பக்கத்துல வர்ற ஞாயித்துக்கிழமை 'அலெக்சாண்டர்சன் தினம்'. இன்னொண்ணு டிசம்பர் 24. அவங்களுக்குக் காலை, நமக்கு மத்தியானம் வாக்குல வரும். யூடியூப்ல நேரலை போடுவாங்க. செய்தி வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே திறந்து வெச்சுக்கோங்க, ஏன்னா மெஷினைக் கிளப்புறதுதான் பார்க்க வேண்டிய காட்சி. அழைப்புக் குறி எஸ்.ஏ.க்யூ. மோர்ஸ்ல மூணு புள்ளி, ஒரு புள்ளி ஒரு கோடு, கோடு கோடு புள்ளி கோடு. வயர் போட்டு முயற்சி பண்றவங்க லேப்டாப் சார்ஜரைக் கழட்டிடுங்க, அது போடுற இரைச்சல்ல எதுவும் தெரியாது. ஸ்பெக்ட்ரம்ல 18.2 பக்கம் ஒரு கோடு தெரிஞ்சா ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்க. அது திருநெல்வேலியா இருக்கலாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.