சொல்கிறவர் கையில் என்ன பங்கு?



1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. அன்று முதல் அதன் பங்கு விலை, அதே தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் கடைவீதிக்கும் உள்ளூர்ச் செய்திதான். அங்கே கடைகளில் கல்லாப் பக்கத்தில் வணிகச் சேனலும் ஓடுகிறது.

அந்தச் சேனலைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். "இந்தப் பங்கு நேற்று மூன்று சதவீதம் ஏறியது" என்றால் அது செய்தி. "இன்னும் ஏறும், வாங்கிப் போடுங்கள்" என்றால் அது கருத்து. இரண்டையும் சொல்வது ஒரே முகம், ஒரே குரல். கீழே ஓடுகிற விலைப்பட்டியும் ஒன்றேதான். எது எங்கே முடிகிறது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை.

இப்படிச் செய்தியும் கருத்தும் கலந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வழக்கு. சி.என்.பி.சி. ஆவாஸ் இந்திச் சேனலில் 'ஸ்டாக் 20-20' நிகழ்ச்சியை நடத்தியவர்களில் ஒருவர் ஹேமந்த் கய். 2021 ஜனவரியில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அவருக்கு இடைக்காலத் தடை விதித்தது. அவர் பரிந்துரைக்கப் போகும் பங்குகளை முந்தின நாளே மனைவி, தாயார் கணக்குகளில் வாங்கி, மறுநாள் நிகழ்ச்சியில் சொன்னதும் விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. முடக்கச் சொன்ன தொகை சுமார் 2.95 கோடி ரூபாய். 2024 பிப்ரவரியில், ஜீ பிசினஸ் சேனலில் விருந்தினராக வந்த நிபுணர்கள் சிலர் மீதும் இதே போன்ற இடைக்கால உத்தரவு வந்தது. அதில் தொகை 7.41 கோடி.

இதன் சூட்சுமம் எளிது. டி.வி.யில் பேர் சொன்னதும் பார்த்தவர்கள் வாங்குவார்கள், விலை ஏறும். அந்த ஏற்றத்தில் விற்பவர், முன்கூட்டியே வாங்கி வைத்தவர். அவருக்கு லாபம் கொடுப்பது நேயரின் பணம்.

வாழைத்தார் தரகர் "விலை ஏறும்" என்றால் யாருடைய சரக்கு அவர் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அதற்கேற்பக் கழித்துக்கொண்டு கேட்போம். டி.வி.யில் அந்த விவரம்தான் மறைந்திருக்கிறது. கருத்துச் சொல்வது தவறில்லை. சொந்த ஆதாயத்தை மறைத்துவிட்டு, செய்தி போல அதைச் சொல்வதுதான் தவறு.

ஆராய்ச்சி ஆய்வாளர்களுக்கான செபியின் 2014-ஆம் ஆண்டு விதிகள், பதிவு செய்யவும் தங்கள் ஆதாயத்தை வெளிப்படுத்தவும் சொல்கின்றன. ஆகவே, அடுத்த முறை ஒருவர் "வாங்குங்கள்" என்றால், அவர் செபியில் பதிவு பெற்றவரா, அந்தப் பங்கு அவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.