ராஜபார்ட்டும் பபூனும்: மேடை தந்த சொற்கள்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அறிஞர் அவைகளில் அதிகம் இடம்பெறாத ஒன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகச் சென்று ஆடியும் பாடியும் பிழைத்த தமிழ் நாடகக் கலைஞர்களையும், அவர்கள் நம் மொழியில் விட்டுச்சென்ற சில சொற்களையும் பற்றியது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ‘ராக்டைம்’ என்னும் இசை பரவிக்கொண்டிருந்தது. கறுப்பினக் கலைஞரான ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899இல் அச்சேறிற்று. பியானோவில் இடக்கை சீரான நடையைக் காக்க, வலக்கை எதிர்பாராத இடங்களில் அழுத்தம் தந்து அந்நடையை உடைக்கும். (அந்த ‘ராக்’ நம் ‘ராகம்’ அன்று. ஒலி ஒத்தால் வேரும் ஒன்றென்று முடிவுகட்டும் பழக்கம் நம்மிடையே மிகுதி என்பதால் இதைச் சொல்ல நேர்கிறது.) அவ்விசையோடு இணைந்து புகழ்பெற்ற ‘கேக்வாக்’ ஆட்டம், அடிமைகள் தம் எசமானர்களின் நடையுடை பாவனையைக் கேலி செய்து ஆடியதிலிருந்து தோன்றியது என்பர். துரைமாரைப் போல நடந்து காட்டுவதில் உள்ள சுவையைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் மேடைக்கு வருவோம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ முதலிய இசை நாடகங்களை யாத்தளித்தார். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ஒரு நாடகக் குழுவும் அமைத்தார். பின்னர் குழு எதிலும் சேராமல், ஓர் இரவுக்கெனத் தனித்தனியே அமர்த்தப்பட்ட கலைஞர்கள் பல ஊர்களிலிருந்து வந்து மேடையில் ஒன்றுகூடி நடிக்கும் வழக்கம் பெருகிற்று. அதுவே ‘ஸ்பெஷல் நாடகம்’. ஒத்திகை கிடையாது. வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கம் அன்றைய இரவிலேயே பிறக்கும்.

இத்தகைய மேடைக்கு, யார் எதற்கு வருகிறார் என்பதை ஒரே சொல்லில் உணர்த்தும் பெயர்கள் தேவைப்பட்டன. ‘ராஜபார்ட்’, ‘ஸ்திரீபார்ட்’, ‘கள்ளபார்ட்’, ‘பபூன்’ ஆகியவை அவ்வாறு எழுந்தவை. முதலிரண்டும் வடசொல்லும் ஆங்கிலமும் கலந்தவை. மூன்றாவது தமிழ்ப் பெயரடியும் ஆங்கிலமும் கலந்தது. ‘பார்ட்’ இங்கே ஏறக்குறைய ஒரு விகுதியாகவே செயற்படுகிறது. இச்சொற்கள் திரைக்கும் சென்றன. 1973இல் வெளிவந்த ‘ராஜபார்ட் ரங்கதுரை’ படத்தையும், நடனத்திற்குப் பெயர்பெற்ற நடிகர் கள்ளபார்ட் நடராஜனையும் மூத்தவர்கள் அறிவார்கள்.

மலாய் மேடையும் இவ்வாறே கலந்துருவானது. இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகத்தைப் பின்பற்றி, 1885ஆம் ஆண்டளவில் அங்கே ‘பங்சாவான்’ தொடங்கிற்று. அதில் காட்சிக்கும் காட்சிக்கும் இடையே ஆட்டமும் பாட்டும் உண்டு. அதற்குப் பெயர் ‘எக்ஸ்ட்ரா டர்ன்’. வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளக்க வந்ததும் அதே 1885இல்தான். ஆனால் தேயிலை இங்கே 1929இல்தான் பெருந்தோட்டமாகத் தொடங்கிற்று. ஆகவே நாம் பேசும் காலத்து நாடகக்காரர்கள் இம்மலையேறி வந்திருக்க வாய்ப்பில்லை. பின்னாளில் வந்த மக்களின் வாய்வழியே அவர்கள் சொற்களே மேலேறி வந்தன.

அவ்வாறு வந்த ஒரு சொல்லை நாமே அழித்தோம். இளம் ஆய்வாளராகத் தோட்டங்களில் சொல் திரட்டிய நாளில், ஒரு மூதாட்டி தாம் சிறுமியாகத் தமிழகத்தில் கண்ட வள்ளி திருமணத்தைப் பற்றிக் கூறினார். ‘ராசபாட்டு’ என்று அவர் சொன்னதை நம் அட்டையில் ‘தலைமை நடிகன்’ என்று மாற்றி எழுதினோம். எழுதியதைப் படித்துக் காட்டியதும் அவர் சிரித்துவிட்டார். “தலைமை நடிகனா? கங்காணி மாதிரியில்ல இருக்கு, தம்பி! ராசபாட்டு வந்தா பாட்டுல்ல முன்னாடி வரும்?” என்றார்.

அன்று நமக்கு அது விளங்கவில்லை. ‘பார்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அவர் ‘பாட்டு’ என்றே உணர்ந்திருக்கிறார். பாடிக்கொண்டே மேடையேறுபவன் அரசன் ஆதலால் அவருக்கு அது பொருந்திற்று. அயற்சொல் ஒன்று தமிழ்ச்சொல்லாக மாறும் நிகழ்வு நம் கண்முன்னே நடந்தது. நாம் அதைப் பிழையென்று திருத்தினோம். தொடர்ந்து அவர் பபூன் பாட்டொன்றைத் தொடங்கியபோது, ‘கொச்சை’ என்று கருதி, நாடா வீணாகுமே என ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினோம். உறவுமுறைச் சொற்களுக்காக வைத்திருந்த அந்த நாடாவில் இன்றும் பாதி வெறுமையாகவே ஓடுகிறது.

அடுத்த முறை சென்றபோது அவர் இல்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்கள் தங்கள் வீட்டு முதியவர்களிடமிருந்து மேடைச் சொற்களைக் கேட்டு எழுதி வரும்போது, ‘ராசபாட்டு’ என்றிருந்தால் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். சொன்னவரின் வயது, அவர் வளர்ந்த ஊர், அந்த ஒலிப்பு ஆகிய மூன்றையும் அருகிலேயே குறித்துவைக்கச் சொல்லுங்கள். பாட்டு வந்தால் கைப்பேசியை நிறுத்த வேண்டாம்.