புண்ணியமா, பாவமா?



மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் நான். மேடைப் பேச்சு பழக்கமில்லை. ராஜபாளையத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் ஒன்பதாம் வகுப்புக்கு நன்னெறி வகுப்பு எடுக்கிறேன். அதைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள்.

ஆரம்பத்தில் பயம்தான். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. எல்லா மதங்களைப் பற்றியும் அறியச் செய்வது மதபோதனை ஆகாது என்று 2002-ல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான், 1991-ல், எம்.சி. மேத்தா வழக்கில். சட்டம் சரி, பிள்ளைகளிடம் எதை வைத்துப் பேசுவது?

நமக்குத்தான் மேற்கே மலை இருக்கிறதே! ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. அந்த அணில் கிளைக்குக் கிளை தாவிப் போகிற ஜாதி. நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதற்குப் பாதை போச்சு. அதே காட்டில்தான் செண்பகத்தோப்புக் காட்டழகரும், நம்ம அய்யனாரும், சதுரகிரி மகாலிங்கமும் இருக்கிறார்கள்.

ஆண்டாளின் மார்கழி நோன்பு மழைக்காகவும்தான் என்று ஒரு நாள் சொன்னேன். உடனே ஒரு பையன் எழுந்து, அவங்க ஜமாத்தில் மழைக்காகத் தொழுததையும், ஒலு செய்யும்போது தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று உஸ்தாது கண்டிப்பதையும் சொன்னான். எனக்கு ஒரே சந்தோஷம். அதோடு மணி அடித்திருக்கலாம்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "சார், சாமி கும்பிடப் போறவங்கதானே மலையில கவர் போடுறாங்க? அது புண்ணியமா, பாவமா?"

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி அடிவாரம் தாணிப்பாறையில் எங்கள் வீட்டு அன்னதானம் உண்டு. புளியோதரையைப் பாலித்தீன் பையில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்தவன் நானே. உப்பும் புளியும் மணக்கிற பையை மிளா மென்று விழுங்கினால் வயிற்றில் செரிக்குமா? 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்த பிறகும், பழைய ஸ்டாக் வீணாகுதே என்று ஒரு வருஷம் ஓட்டினோம்.

மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் அப்படியே சொல்லிவிட்டேன். வகுப்பு கப்சிப்.

அன்று ராத்திரி அப்பாவிடம் பேச்செடுத்தேன். "அன்னதானத்துலயே குத்தம் கண்டுபிடிக்கிறியா?" என்றவர் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அம்மாதான் வழி சொன்னாள்: பொட்டலமே வேண்டாம், உட்கார வைத்து மந்தாரை இலையில் பரிமாறு, இலையை நாமே திரும்ப எடுத்து வந்துவிடலாம். இவ்வளவு எளிய டிசைன் இன்ஜினீயருக்குத் தோணலை பாருங்கள்!

ஆனால் மலையேறும் அவசரத்தில் எல்லாரும் உட்காருவார்களா? போன ஆடியில் வழக்கத்தில் பாதிப்பேர்தான் சாப்பிட்டார்கள். மிஞ்சின அண்டாவைப் பார்த்துக்கொண்டு அப்பா வெகுநேரம் நின்றார். அந்தக் குறை அவருக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போன சனிக்கிழமையும் ஞாபகமாகக் கேட்டாள்.