துயருற்றவரைத் தனியே விடாதீர்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு மகிழ்ச்சியான பொருள்கள் எத்தனையோ உண்டு. ஆனால் சங்கத்தினர் என்னிடம் கேட்டது வேறு. "நோர்வேயில் மனநல விடுதியில் இத்தனை வருடம் தாதியாக வேலை செய்திருக்கிறீர்கள். அங்கே கண்டவற்றில் எங்கள் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். மருந்துகளைப் பற்றி வைத்தியர்கள் சொல்வார்கள். நான் அந்த விடுதிகளில் நடமாடிய போதகர்களைப் பற்றிச் சொல்லலாம் என்று தீர்மானித்தேன். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். இன்றும் சைவப் பெண். இங்கு மதம் பேச வரவில்லை. எங்கள் ஊரில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால் முதலில் தட்டப்படுவது வைத்தியரின் கதவு அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். கோயிலுக்குப் போவோம், சாத்திரியாரிடம் போவோம், பாதரிடம் போவோம். ஆகவே சமயத்தின் பெயரால் ஆறுதல் சொல்பவர்கள் அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் உரிய கேள்வி.

நோர்வே மக்களில் பெரும்பாலோர் லூதரன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஜேர்மனியில் மார்ட்டின் லூதர் தொடக்கிய சீர்திருத்தத்தில் பிறந்த சபை இது. 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்ற சீகன்பால்க் ஐயர் இந்தச் சபையின் போதகரே. போதகர் ஒருவர் துயருற்றவருக்குச் செய்யும் பணியை நோர்வேஜிய மொழியில் 'சேலசோர்க்' என்பார்கள். ஜேர்மன் சொல்லிலிருந்து வந்தது. ஆன்மாவைப் பராமரித்தல் என்று பொருள். அதே 'சோர்க்' என்ற சொல்லுக்கு நோர்வேஜிய மொழியில் துக்கம் என்றும் பொருள் உண்டு. பராமரிப்பும் துக்கமும் ஒரே சொல்லுக்குள் இருப்பதை அந்த மொழியைப் படித்த காலத்தில் நான் வியந்து பார்த்ததுண்டு.

லூதரைப் பற்றி நாம் பாடப்புத்தகத்தில் படித்தது அவர் பாப்பரசரை எதிர்த்து நின்ற வீரத்தை மட்டும்தான். அவர் வாழ்நாள் முழுவதும் கடும் மனச்சோர்வினாலும் அச்சத்தினாலும் அலைக்கழிக்கப்பட்டவர். 1527 இல் உடலும் மனமும் சேர்ந்து முற்றாக விழுந்துபோனார். அப்படி விழுந்து எழுந்தவர் என்பதனாலேயே துயருற்றவர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில் உபதேச வாடை குறைவு. 1534 இல் மனம் சோர்ந்திருந்த அன்ஹால்ட் இளவரசர் ஜோக்கிமுக்கு எழுதும்போது, குதிரை ஏறுங்கள், வேட்டைக்குப் போங்கள், நல்ல மனிதரோடு கூடியிருங்கள் என்கிறார். மகிழ்ச்சி கொள்வது பாவமோ என்ற பயத்தை முதலில் அகற்றுகிறார்.

ஆனால் நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது 1532 நவம்பர் 27 ஆம் திகதி எழுதப்பட்ட இரண்டு கடிதங்கள். நோர்ட்ஹவுசன் என்ற நகரில் யோனாஸ் ஃபொன் ஸ்டொக்ஹவுசன் என்ற அதிகாரி வாழ்வே வேண்டாம் என்ற எண்ணத்தில் மூழ்கியிருந்தார். லூதர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வாழ்வு கசந்துபோவது உமக்கு மட்டும் நேர்ந்ததல்ல, எலியா தீர்க்கதரிசியும் யோனாவும்கூடச் சாவைக் கேட்டு அழுதவர்கள்தான், கிறிஸ்துவுக்கே வாழ்வு கசந்த வேளை உண்டு என்று சொல்லி, அந்த எண்ணத்துக்கு இடங்கொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்படி தேற்றினார். அதே நாளில் அவருடைய மனைவிக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதினார்.

மனைவிக்கு எழுதிய கடிதம்தான் என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது. அதில் இறையியல் கொஞ்சந்தான். கணவரை ஒரு கணமும் தனியே விடவேண்டாம் என்கிறார். தமக்குத் தாமே தீங்கு செய்யக்கூடிய பொருள் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது என்கிறார். தனிமை அவருக்கு நஞ்சு என்கிறார். கதை சொல்லுங்கள், ஊர்ப் புதினம் சொல்லுங்கள், சிரிக்க வையுங்கள், வீடு ஓசையின்றிக் கிடக்க விடாதீர்கள் என்கிறார். அதற்காக அவர் கோபித்தாலும் பொருட்படுத்த வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். சோர்வை லூதர் சாத்தானின் தாக்குதலாகவே கண்டார். அது அந்தக் காலத்துச் சிந்தனை. ஆனால் அவர் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன நடைமுறை, இன்று நாங்கள் விடுதியில் புதிய தாதிக்குச் சொல்லிக்கொடுப்பதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

இந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பதையும் கவனியுங்கள். நோயாளியோடு இரவும் பகலும் இருப்பவள் வீட்டுப் பெண். எங்கள் சமூகத்திலும் அதுதான் நிலை. தாய், மனைவி, மூத்த மகள் என்று யாரோ ஒரு பெண் விழித்திருக்கிறாள். அவளுக்கு என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவளுடைய களைப்பை ஒருவரும் கேட்பதுமில்லை. ஆறுதல் சொல்லப் போகிறவர் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்பது இந்த மரபிலிருந்து நான் பெற்ற முதற் பாடம்.

இரண்டாவது, துன்பத்தைக் கடவுளின் தண்டனை என்று சொல்லாமை. கடவுளை வெற்றியிலும் பலத்திலும் தேடாதே, சிலுவையில், துன்பத்தின் நடுவில் காண்பாய் என்பது லூதர் 1518 இல் ஹைடல்பேர்க் நகரில் எடுத்துரைத்த கருத்தின் சாரம். இதை ஒழுங்காகக் கற்ற போதகர், சோர்ந்திருப்பவரிடம் "உமக்கு விசுவாசம் போதாது, இன்னும் செபியும்" என்று சொல்லமாட்டார். படுக்கையிலிருந்து எழும்பவே பலமில்லாதவருக்கு இன்னுமொரு கட்டளை எதற்கு? செபிக்க முடியாதவருக்காக மற்றவர்கள் செபிப்பார்கள். வேதாகமத்தின் 88 ஆம் சங்கீதம் முறைப்பாட்டோடும் இருளோடுமே முடிகிறது. கடைசியில் ஒரு நல்ல வார்த்தை ஒட்டவைக்கப்படவில்லை. அதையும் வேதமாக வைத்திருக்கும் சமயம், அழுகிறவரைப் பார்த்து "அழாதே" என்று அவசரப்படத் தேவையில்லை. உயிரை மாய்த்துக்கொண்டோர் எல்லோரும் நரகத்துக்குத்தான் என்ற எண்ணத்தையும் லூதர் ஏற்கவில்லை. காட்டிலே கள்வரிடம் அகப்பட்டுக் கொலையுண்டவருக்கு அவர்களை ஒப்பிட்டார். அப்படி ஒருவரை இழந்த குடும்பத்துக்கு இந்த ஒரு கருத்து எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, இரகசியம் காத்தல். 1530 இன் ஔக்ஸ்பேர்க் விசுவாச அறிக்கை தனிப்பட்ட பாவசங்கீர்த்தனத்தை வைத்துக்கொண்டது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது. விரும்பியதைச் சொல்லலாம், விரும்பாததை விடலாம், சொன்னது வெளியே போகாது. மனந்திறந்து பேசுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. எங்கள் ஊரிலே ஒரு பிள்ளை வாய் திறக்காமல் இருப்பதற்குப் பெரிய காரணம், சொன்னால் பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுவதும் தெரிந்துவிடும் என்ற பயம்தானே! "நாலு சனம் என்ன சொல்லும்" என்ற ஒரு வசனம் எத்தனை பேரின் வைத்தியத்தைப் பிந்த வைத்திருக்கிறது! நெஞ்சு பதறுது, தலை பாரம், உடம்பு உலைவு என்று பத்து வைத்தியரிடம் போவோம். மனம் நோகுது என்று ஒருவரிடமும் சொல்லமாட்டோம்.

நான்காவது, தன் எல்லையை அறிதல். 1957 இல் ஒஸ்லோவுக்கு மேற்கே மூடும் பாட் என்ற இடத்தில் கோர்டன் யோன்சன் என்ற மனநோய் வைத்தியர் ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். பின்னர் அங்கேயே ஆன்மப் பராமரிப்புக்கான நிலையம் ஒன்றும் அமைந்தது. வைத்தியரும் போதகரும் ஒரே வளவில். வைத்தியசாலைப் போதகர்கள் பெறும் பயிற்சியின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அதைத் தொடக்கியவர்களில் ஒருவரான அன்டன் பொய்சன் லூதரன் அல்லர். அவர் 1920 இல் தாமே மனநோய் விடுதியில் நோயாளியாக இருந்து மீண்டவர். 1925 இல் இறையியல் மாணவர்களை ஒரு மனநோய் வைத்தியசாலைக்கே அழைத்துச் சென்று பயிற்றத் தொடங்கினார். இன்று அந்தப் பயிற்சியில் மாணவர் ஒரு நோயாளியோடு பேசிவிட்டு வந்து, அந்த உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதவேண்டும். நோயாளியின் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். பிறகு சக மாணவரும் பயிற்றுநரும் இருந்து அதை அலசுவார்கள். நோயாளி அழத் தொடங்கிய இடத்தில் நீ ஏன் பேச்சை மாற்றினாய்? அந்தச் சங்கீதத்தை வாசித்தது அவருக்காகவா, உன் சங்கடத்தைத் தீர்க்கவா? இப்படிக் கேள்விகள் வரும். கேட்பது என்பது பயின்று பெறவேண்டிய ஒரு தொழில் என்பதை அப்போதுதான் விளங்கும். நான் வேலை செய்த இடத்தில் நல்ல போதகர் ஒருவர் குளிசையை நிறுத்தச் சொல்லி நான் கேட்டதில்லை. நோய் முற்றுகிறது என்று கண்டால் முதலில் வந்து சொல்பவர்களில் அவரும் இருப்பார்.

இந்த மரபில் இருண்ட பக்கமும் உண்டு. ஜேர்மனியில் பீலஃபெல்ட் நகருக்கு அருகே பேத்தல் என்ற இல்லம் 1867 இல் வலிப்பு நோயாளருக்காகத் தொடங்கப்பட்டது. லூதரன் மரபும் சீர்திருத்த மரபும் இணைந்திருந்த பிரஷ்யச் சபையின் சூழலில் அது எழுந்தது. 1872 இல் அதன் பொறுப்பை ஏற்ற போதகர் ஃபிரீட்ரிக் ஃபொன் பொடல்ஷ்விங், அதற்கு மூன்று வருடத்துக்கு முன் தம் நான்கு பிள்ளைகளையும் இரண்டு கிழமைக்குள் நோயில் பறிகொடுத்தவர். அவர் கையில் பேத்தல் ஓர் ஊராகவே வளர்ந்தது. நாசிகள் மனநோயாளரையும் வலதுகுறைந்தோரையும் கொல்லத் தொடங்கியபோது, 1940 இல் அவருடைய மகனும், போதகர் பவுல் பிரவுனவும் அதை எதிர்த்தார்கள், பிரவுன கைதுசெய்யப்பட்டார். ஆனால் அதே பேத்தலில் கட்டாயக் கருவள நீக்கச் சத்திரசிகிச்சைகள் நடந்தன. அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட யூத நோயாளர் கொல்லப்பட்டனர். அன்பு செய்யும் இடத்துக்கும் காவல் வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. இங்கேயும் மனநோயாளரைச் சங்கிலியிட்டு, பேயோட்டுகிறோம் என்று அடிப்பவர்களைக் கேள்வி கேட்கும் துணிவு எமக்கு வேண்டும்.

நல்ல பக்கத்துக்கு வருகிறேன். 1998 ஓகஸ்ட் மாத இறுதியில் நோர்வேயின் பிரதமர் செல் மக்ன பூண்டவிக், தாம் மனச்சோர்வினால் ஓய்வு எடுப்பதாக நாட்டுக்கு அறிவித்தார். அவர் லூதரன் சபையில் குருப்பட்டம் பெற்ற போதகர். களைப்பு என்றோ காய்ச்சல் என்றோ சொல்லி மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. மூன்றரை வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். 2001 இல் மக்கள் மீண்டும் தேர்தலில் வாக்களித்த பின் திரும்பவும் பிரதமரானார். 2002 பெப்ரவரியில் எங்கள் நாட்டில் நோர்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபோது அங்கே பிரதமராக இருந்தவர் அவரே. மனச்சோர்வு வந்தவருக்கு இனிமேல் பொறுப்பு ஒன்றும் கொடுக்கமுடியாது, கலியாணம் பேசமுடியாது என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. 1995 இலும் 1998 இலும் மிகக் கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டன. பத்து வருடத்துக்குள் அந்த வீதம் ஏறத்தாழ அரைவாசியானது. கைக்கெட்டும் ஆபத்தை அகற்று என்று 1532 இல் ஒரு மனைவிக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை ஒரு நாடு முழுவதும் செய்து பார்த்ததுபோல் இருக்கிறது அல்லவா! ஒரு கணத்து வேகத்தில் எழும் எண்ணம் கடந்துபோக அவகாசம் கிடைத்தால், பலர் பிழைத்து வாழ்கிறார்கள். தற்கொலைக்கு முயல்வது 1998 இலிருந்து எங்கள் நாட்டில் குற்றமும் அல்ல. உதவி தேடுகிறவர் பொலிசுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஆகவே சங்கத்திடமும் உங்களிடமும் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

எமது வகுப்புத் தோழியரின் வட்சப் குழுக்களில் முன்பு கலகலப்பாக இருந்து இப்போது பேசாமல் இருக்கும் ஒருத்தி இருப்பாள். குழுவில் கேட்காதீர்கள், தனியே அழைத்துப் பேசுங்கள். "உனக்கென்ன குறை?" என்று தொடங்காதீர்கள். "எப்படி இருக்கிறாய், எனக்கு நேரம் இருக்கு, சொல்லு" என்றால் போதும். வாழ விருப்பமில்லை என்ற பொருளில் ஏதாவது சொன்னால், சாவதைப் பற்றி யோசிக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வராது, சுமை இறங்கும். அன்று அவளைத் தனியே விடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் இரகசியம் காப்பதாகச் சொன்ன வாக்கைவிட உயிர் பெரிது. வீட்டாருக்கும் வைத்தியருக்கும் சொல்லுங்கள். இலங்கையில் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும். 1974 இலிருந்து இயங்கும் சுமித்ரயோவிடமும் பேசலாம். வெளிநாடுகளில் இருப்பவர்கள் தத்தம் நாட்டு இலக்கத்தை இன்றே தேடிக் குறித்து வையுங்கள். நோர்வேயில் இருக்கும் தங்கைமாருக்கு ஒன்று: அங்குள்ள வைத்தியசாலைப் போதகரிடம் பேச நீங்கள் கிறிஸ்தவராக இருக்கவேண்டியதில்லை.

சங்கம் நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்ப எண்ணியிருப்பதாக அறிகிறேன். அதில் ஒரு சிறு அறையை, வெளியிலிருந்து யார் உள்ளே இருக்கிறார் என்று தெரியாதபடி, உளவளத்துணைக்கென்று ஒதுக்குங்கள். ஓர் ஆசிரியையை முறையாகப் பயிற்றுவிக்கும் செலவைப் பழைய மாணவியர் நாங்கள் பொறுப்பேற்போம். அங்கே வரும் பிள்ளைக்கு மட்டுமன்றி அவளுடைய தாய்க்கும் ஒரு கதிரை போடுங்கள்.

 எமது கல்லூரி அடுத்த நூற்றாண்டிலும் தன் பிள்ளைகளைத் தாங்கி நிற்கட்டும்.