கேஸ் கீசரும் எண்ணெய்க் குளியலும்

(சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவள் நான். இங்கே புனேயில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் 28 வருஷம் ரத்தப் பரிசோதனை செய்து ரிடையர் ஆனவள். "மாமி, ஆரோக்கியத்தைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கோ" என்று கேட்டபோது, சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையெல்லாம் டி.வி.யே தினமும் சொல்லிவிடுகிறது. அதனால் எங்கள் அகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் தப்பு என்னுடையது.

2016 தீபாவளி. எங்கள் பாத்ரூம் ஆறடிக்கு நாலடி. சுவரில் கேஸ் கீசர். கரண்ட் பில் கட்டுப்படியாகவில்லை என்று அதை மாட்டச் சொன்னது நான். குளிர் காற்று வருகிறதென்று ஜன்னலை அட்டை வைத்து அடைத்ததும் நான். நரக சதுர்த்தசியன்று விடியற்காலை நாலரை மணியிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவராக ஏழு பேர் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். எல்லோருக்கும் எண்ணெய் காய்ச்சி, சீயக்காய் கரைத்து, துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் போனாள் என் மாட்டுப்பெண். நம் அகங்களில் கடைசியாகக் குளிப்பது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. என் பிள்ளை கதவை இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தான். அவள் பக்கெட் பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். "வெறும் வயிறு, பி.பி. இறங்கியிருக்கும், காபி கொண்டு வா" என்று நான் சொன்னேன். பக்கத்து ஃப்ளாட்டு மராட்டிக்காரர் ஒரு டாக்டர். ஓடி வந்தவர் முதலில் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. "உள்ளே கேஸ் கீசரா?" என்றுதான் கேட்டார். உடனே அவளை வெளி வராந்தாவுக்குத் தூக்கச் சொன்னார், ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காக ஆக்ஸிஜன் வைத்தார்கள். பகவான் புண்ணியத்தில் பிழைத்தாள்.

அதற்கு முந்தைய இரண்டு வாரமாக அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அம்மா, குளிச்சுட்டு வந்தா தலை வலிக்கறது, குமட்டறது." நான் பித்தம் என்று சொல்லி, சுக்குப் பற்றுப் போடச் சொன்னேன். அவளோ ஆபீஸ் போனதும் தலைவலி விட்டுவிடுகிறது என்றாள். அப்படியானால் ஆபீஸ் போகச் சந்தோஷம் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது உறைக்கவில்லை.

விஷயம் இதுதான். சமையல் கேஸ் கசிந்தால் நமக்குத் தெரியும். அதற்கு இயற்கையில் வாசனை கிடையாது. நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். ஆனால் மூடிய இடத்தில் கேஸ் எரிய எரிய அங்கே பிராண வாயு குறையும். குறைந்தால் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். இதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, இருமல் வராது, கண் எரியாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக இதைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல். எழுந்து கதவைத் திறக்கலாம் என்று தோன்றும்போது எழுந்திருக்கப் பலம் இருக்காது.

கொரோனா சமயத்தில் எல்லோரும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கினோமே, அதை இதற்கு நம்பாதீர்கள். இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறியதாகவே எண்ணி அது 98 காட்டும். ஆஸ்பத்திரியில் "குளிக்கும்போது விழுந்தாள்" என்று மட்டும் சொல்லாமல், "கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது" என்று சொல்லுங்கள். அதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் மனஸ்தாபம் வந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிரசவித்த பெண்ணுக்கும் குழந்தைக்கும் தலைக்கு விட்டபின், கதவையெல்லாம் சாத்திக்கொண்டு கரி நெருப்பில் சாம்பிராணி போடுகிறோம். கரித்தணலிலிருந்தும் இதே வாயுதான் வரும். சாம்பிராணி மணத்தில் அது மறைந்தே போகும். கர்ப்பிணிகள் விஷயத்தில் இரட்டை ஜாக்கிரதை வேண்டும். தாய்க்கு லேசாகத் தெரிவது வயிற்றுக் குழந்தையை அதிகம் பாதிக்கும். தலைமுடியைத் துண்டால் துவட்டி வெயிலில் காயவிட்டால் போதும் என்பது என் அபிப்பிராயம். என் அம்மா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான பால்கனியில் வைத்து, குழாய் வழியாக வெந்நீரை உள்ளே கொண்டுவருவதுதான் சரி. நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். வாடகை அகத்தில் அது முடியாதவர்கள் மின்சார கீசருக்கு மாறுங்கள். அதுவரைக்குமாவது கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துப் பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, காற்று மாறியபின் குளியுங்கள். ஒருவர் குளித்ததும் உடனே அடுத்தவர் நுழைய வேண்டாம். கதவுக்கு அடியில் இரண்டு விரல் சந்து இருக்கிறதே என்பார்கள். அது போதாது. சிலிண்டர் கேஸ் கனமானது, தரையோடு தங்கும். இது அப்படியில்லை, அறை முழுக்கக் கலந்து நிற்கும். ஜுவாலை நீலம் மாறி மஞ்சளாக எரிந்தாலோ, மேலே கரி படிந்தாலோ அன்றைக்கே நிறுத்துங்கள். நீலமாக எரிந்தாலும் முழுக்க நம்பிவிடக் கூடாது.

தாழ்ப்பாள், வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். யாராவது விழுந்துவிட்டால் கதவு, ஜன்னலைத் திறந்து, கீசரை அணைத்து, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். உள்ளே நின்றுகொண்டு விசாரிக்காதீர்கள். நினைவில்லாதவர் வாயில் காபி விடாதீர்கள். நான் விட இருந்தேன்.

என் மாட்டுப்பெண் இன்றைக்குச் சமையல் கமிட்டியில் இருக்கிறாள், உள்ளே இலை போடுகிறாள். அகத்தில் கேஸ் கீசர் இருப்பவர்கள் சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே மாட்டியிருக்கிறது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொன்னால் சேர்ந்து யோசிக்கலாம்.