எண்ணிப் பார்க்க முடிந்ததே கூலி
(சேர்வராயன் மலையில், கரடியூரில், தோட்டத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கூடிய கூட்டத்தில் பேசியது)



போனுக்குள்ளே ஒரு புதுப் பணம் வந்திருக்கிறது. டிஜிட்டல் ரூபாய் என்று அதற்குப் பெயர். நாளைக்கு நமது கூலியும் அந்த ரூபத்தில் வரலாம். "அதெல்லாம் படித்தவர்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி நினைத்து ஒதுங்கினால் நஷ்டம் நமக்குத்தான். ஏன்?

ஒரு பணத்தை எத்தனை கூறாகப் பிரிப்பது, அதில் மிகச் சிறிய காசு எது, கடையிலும் கூலிப் புஸ்தகத்திலும் எந்தக் காசில் கணக்குப் போடுவது என்று யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். லட்சத்தில் புரள்கிறவனுக்கு இந்தத் தீர்மானம் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். நாலணாவுக்கும் எட்டணாவுக்கும் கணக்குப் பார்த்து அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு அப்படியல்ல. காசு பெரிதாக இருந்தால் மிச்சம் நம் கையை விட்டுப் போகிறது. காசு அளவுக்கு மீறிச் சிறிதாக இருந்தால் கணக்கு நமக்குப் புரியாமல் போகிறது. இரண்டிலும் ஏமாறுகிறவர் உழைப்பாளிதான்.

அணா போன கதை

நமது தாத்தா பாட்டி காலத்தில் ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு நாலு காலணா. தம்பிடிக் கணக்கில் 12. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. படிக்காதவர்களுக்கும் அந்தக் கணக்கு பிடிபட்டது. ஏன்? பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று கைவிரலிலேயே பிரித்துவிடலாம்.

1955-ல் நாணயச் சட்டம் திருத்தப்பட்டது. 1957 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று அமுலுக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நமது ஜனங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அங்கே 1872-லேயே ரூபாய்க்கு 100 சதம் என்று ஆகிவிட்டது. நூறாகப் பிரிப்பது நல்ல காரியம்தான். கூட்டுவது, பெருக்குவது எல்லாம் சுலபம். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மாறுகிற சமயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

100-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு அணாவுக்கு 6¼ நயா பைசா வருகிறது. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே சர்க்கார் ஓர் அட்டவணை போட்டது. ஒரு அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. அரைப் பைசாவும் அதற்குக் குறைந்ததும் தள்ளுபடி. அரைக்கு மேற்பட்டது ஒரு பைசா.

ஒரு தொழிலாளிக்கு நாள் கூலி ஒரு ரூபாய் இரண்டணா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை. அணாவிலே மொத்தம் போட்டால் 468 அணா. அதாவது 29 ரூபாய் 4 அணா. நயா பைசாவில் 29 ரூபாய் 25 பைசா. அதே கூலியை, அட்டவணைப்படி, தினம் தினம் 1 ரூபாய் 12 பைசா என்று மாற்றி எழுதி, பிறகு கூட்டினால் என்ன வருகிறது? 29 ரூபாய் 12 பைசா. 13 நயா பைசா எங்கே போயிற்று? அது அன்றைக்கு இரண்டணா! திருடியது யார் என்று யாரையும் கைகாட்ட முடியாது. அட்டவணை சரி, கூட்டல் சரி. ஆனால் பணம் குறைந்துவிட்டது.

டீக்கடைக் கணக்கும் அதே மாதிரிதான். ஒரு அணா டீயை 7 நயா பைசா ஆக்கினால், முன்பு நாலணாவுக்குக் குடித்த நாலு டீக்கு 25-க்குப் பதில் 28 பைசா. வருகிற கூலியில் கால் பைசா கீழே இறங்குகிறது. கொடுக்கிற விலையில் முக்கால் பைசா மேலே ஏறுகிறது. இதுதான் சில்லறையின் சூட்சுமம்.

நமது ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1964 ஜூன் 1-ந் தேதி 'நயா' என்ற சொல்லைச் சர்க்கார் எடுத்துவிட்டது. ஆனால் 25 பைசாவை நாலணா என்றும், 50 பைசாவை எட்டணா என்றும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். சட்டம் காசை மாற்றியது. எண்ணுகிற முறையை ஜனங்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

சில்லறை இல்லாத நோட்டு

இன்னொரு பாடம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2016 நவம்பர் 8-ந் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவிகிதம் அதோடு போயிற்று. பதிலுக்கு முதலில் வந்தது எது? 2000 ரூபாய் நோட்டு! அரிசி வாங்கப் போனால் சில்லறை இல்லை. மருந்து வாங்கப் போனால் சில்லறை இல்லை. கையில் நோட்டு இருந்தும் கடன் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நோட்டையும் 2023 மே 19-ல் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் பாங்க் அறிவித்தது.

எந்த மதிப்பில் நோட்டு அடிப்பது என்பது அச்சாபீஸ் விஷயமல்ல, வயிற்று விஷயம் என்பதை நாம் அன்றே கற்றுக்கொண்டோம்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் நமது கூலி

இப்போது டிஜிட்டல் பணத்துக்கு வருவோம். பிட்காயின் என்று ஒன்று 2009 முதல் நடமாடுகிறது. எந்த சர்க்காரும் அதை வெளியிடவில்லை. ஒரு பிட்காயினை 10 கோடி கூறாகப் பிரிக்கலாம்; கடைசிக் கூறுக்கு சடோஷி என்று பெயர். அதன் விலை பல லட்ச ரூபாய். நாளுக்கு நாள் மாறுகிறது.

கணக்குக்காக ஒன்று 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 400 ரூபாய் கூலியை அதில் எழுதினால் 0.00005 பிட்காயின்! எந்த அம்மா இதைப் படித்துக் கடைக்குப் போவாள்? ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் கூலி பத்து மடங்கு மாறிவிடும். ஆகவேதான் அதைப் பயன்படுத்துகிறவர்கள், சின்னக் காசு ஒன்று வேண்டும் என்று பல வருஷம் வாதம் செய்தார்கள். ஆயிரத்தில் ஒன்றை வைக்கலாம் என்றார்கள் சிலர். பத்து லட்சத்தில் ஒன்றை 'பிட்' என்போம் என்றார்கள் சிலர். சடோஷியே போதும் என்றார்கள் வேறு சிலர். பிட் கணக்கில் அந்தக் கூலி 50, சடோஷியில் 5000. வாசிக்க வசதிதான். ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் நாளைக்கே அதன் விலை 60 லட்சத்துக்கு இறங்கினால்? சடோஷி அதே 5000. அரிசிக் கடையில் அதன் மதிப்பு 300 ரூபாய். காசுக்கு அழகான பெயர் வைத்ததனால் நூறு ரூபாய் திரும்பி வருமா? எல் சால்வடார் தேசத்தில் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வமான பணம் ஆக்கினார்கள். கடைகளில் விலை டாலரில்தான் நின்றது. அதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2025 ஜனவரியில் அவர்களே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டு அரிசியும் உப்பும் எந்தக் காசில் விலை பேசப்படுகிறதோ, அந்தக் காசில்தான் கூலியும் பேசப்பட வேண்டும். இது முதல் பாடம்.

ரூபாய் ரூபாயாகவே இருக்கட்டும்

நமது ரிசர்வ் பாங்கின் டிஜிட்டல் ரூபாய் வேறு ரகம். 2022 டிசம்பர் 1-ந் தேதி மும்பை, டில்லி, பெங்களூர், புவனேசுவரம் ஆகிய நாலு நகரங்களில் சோதனை தொடங்கிற்று. அதன் ஒரு ரூபாய் நமது ஒரு ரூபாயேதான். விலை ஏறாது, இறங்காது. வட்டியும் கிடையாது. நாம் பழகிய நோட்டும் நாணயமும் எந்த மதிப்பில் இருக்கின்றனவோ, அதே மதிப்பில் போனுக்குள்ளும் வைத்திருக்கிறார்கள். இது சரியான தீர்மானம். நைஜீரியாவும் சீனாவும் தங்கள் டிஜிட்டல் பணத்துக்குப் புதுப் பெயரும் புதுக் கணக்கும் தேடாமல் பழைய நைராவையும் யுவானையும்தான் வைத்துக்கொண்டன. தெரிந்த காசைத் தெரிந்தபடி எண்ணலாம்; அட்டவணை தேவையில்லை.

சரி, அத்தோடு கவலை தீர்ந்ததா? தீரவில்லை. இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது.

முதலாவது, பைசா. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-ந் தேதியோடு செல்லாமல் போயின. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும். கடையில் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள், மீதிக்கு மிட்டாய் தருகிறார்கள். கையில் பைசா செத்துவிட்டது. ஆனால் கணக்கில் சாகவில்லை. ஆலைகளில் விலைவாசிப் புள்ளிக்கு இத்தனை பைசா என்று பஞ்சப்படி பேசுகிறோமே, அது பைசாக் கணக்குத்தான்.

காப்பிப் பழத்தை எடை போட்டுக் கூலி தரும் இடத்தைப் பாருங்கள். கிலோவுக்கு 4 ரூபாய் 75 பைசா என்று வைப்போம். ஒரு பெண் 46½ கிலோ பறிக்கிறாள். நியாயமான கூலி 220 ரூபாய் 87½ பைசா. அரைக் கிலோவைத் தள்ளி, பைசாவையும் தள்ளினால் 218 ரூபாய். ஒரு நாளில் 2 ரூபாய் 87½ பைசா காற்றோடு போயிற்று. எடை பார்க்க வேண்டாம், தினக்கூலியில் 75 பைசா மட்டும் தள்ளப்படுகிறது என்றே வைப்போம். மாதம் 26 நாளில் 19 ரூபாய் 50 பைசா, வருஷத்தில் 234, நூறு பேருக்கு 23,400 ரூபாய்! முன்பு "சில்லறை இல்லை" என்று சாக்குச் சொல்லலாம். போனில் பணம் போடுகிறபோது அந்தச் சாக்கு ஏது? யந்திரத்துக்குப் பைசாவும் தெரியும், கிராமும் தெரியும்.

இரண்டாவது, நிபந்தனை போட்ட காசு. 19-ம் நூற்றாண்டில் கொழும்பில் காப்பிக் கொட்டை பொறுக்கிய கிட்டங்கிகளில் முதலாளிகள் தாங்களே உலோக வில்லை அடித்து வேலையாட்களுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவரிடம் மட்டுமே அது நிச்சயமாகக் காசு. வெளியிலே போனால் வெறும் தகரம். இந்த மாதிரி அக்கிரமத்தை அடைக்கத்தான் 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், நடப்பு நாணயத்திலோ நோட்டிலோதான் கூலி தரவேண்டும் என்றது. 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பின் 15-வது பிரிவில் மின்னணு முறையும் சேர்ந்திருக்கிறது.

2024 பிப்ரவரியில் ரிசர்வ் பாங்க் இரண்டு புதுச் சோதனைகளை அறிவித்தது. ஒன்று, நெட் கிடைக்காத இடத்திலும் டிஜிட்டல் ரூபாய் செல்லும்படி செய்வது. மலைப் பகுதிகளிலும் சோதிப்போம் என்றார்கள். நம் மாதிரி மலைக்கு அது வேண்டியதுதான். இன்னொன்று, இன்ன காரியத்துக்குத்தான் செல்லும் என்று பணத்திலேயே விதி எழுதுவது. கம்பெனிகள் தங்கள் சிப்பந்திகளின் பிரயாணச் செலவுக்கு அப்படிக் கொடுக்கலாம் என்று உதாரணமும் சொன்னார்கள். பிரயாணச் செலவோடு நின்றால் சரி. கூலிக்கு அது வந்தால்? இந்தக் கடையில்தான் வாங்கலாம், இந்தத் தேதிக்குள்தான் செலவழிக்கலாம் என்று ஆனால்? அது பழைய வில்லை, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததாகத்தான் அர்த்தம்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, தோழர்களே, புதுப் பணத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அதை எண்ணக் கற்றுக்கொள்வோம். எண்ணும்போது இந்த நாலையும் விடாமல் கேட்போம்:

கூலி ரூபாயிலும் பைசாவிலும் பேசப்பட வேண்டும். விலை ஏறி இறங்கும் எந்தக் காசிலும் கூடாது.

எடையை முழுதாகப் போட்டு, மாதம் முழுவதையும் கூட்டிய பிறகே சில்லறையைச் சரிக்கட்ட வேண்டும். அப்போதும் பைசா தொழிலாளி பக்கமே சேரவேண்டும்.

போனில் பணம் வந்தாலும், எத்தனை நாள், எத்தனை கிலோ, என்ன வீதம், என்ன பிடித்தம் என்று தமிழில் எழுதிய சீட்டு கையில் வரவேண்டும். போன் இல்லாதவருக்கு ரொக்கம் மறுக்கப்படக் கூடாது.

கூலிப் பணத்தில் எந்த நிபந்தனையும் எழுதக் கூடாது. உழைத்தவன் காசு உழைத்தவன் இஷ்டம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். போன மாதச் சீட்டை எடுங்கள். படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாளையும் கிலோவையும் வீதத்தையும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். ஒரு பைசா குறைந்தாலும் குறித்து வையுங்கள். பத்துப் பேர் குறித்து வைத்தால் அது புகார். நூறு பேர் குறித்து வைத்தால் அது கோரிக்கை.