பழந்துப்பாக்கியும் புதுமெருகும்

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாம் பத்தாம் வகுப்பளவே பயின்ற இரயில்வே எழுத்தர். படைக்கலம் பற்றிப் பேசும் புலமை எமக்கில்லை. ஆயினும் அண்மையிற் கண்ட ஒன்று எம்மைப் பேசத் தூண்டிற்று.

அன்பர் ஒருவரின் ஊருக்குச் சென்றிருந்தோம். பாட்டனார் காலந்தொட்டு உரிமத்துடன் பேணிவரும் நாட்டுத் துப்பாக்கியைக் காட்டினார். வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் வகை அது. குழல் வெள்ளிபோல் பளபளத்தது. "உப்புத்தாளிட்டுத் தேய்த்தேன், பீன்யாவில் முலாம் பூசிவிடலாமா?" என வினவினார். "பாட்டனார் பெயர் பொறித்திருந்தது என்பீர்களே, எங்கே?" என்றோம். விரலால் தடவித் தேடினார். பெயர் இல்லை. அவர் முகம் வாடியதை யாம் மறவோம்.

பெரியோர்களே! மெருகுச் சக்கரமும் மின்முலாமும் நம் பீன்யாவின் அன்றாடத் தொழில்கள். புதிய உறுப்புக்கு அவை அழகு, பழம்பொருளுக்கோ அழிவு. அக்காலக் கொல்லர் பலர் குழலை அளவறிந்து துருவேற்றி, அத்துருவையே பழுப்பு நிறப் பூச்சாக்கினர். அதனை அழுக்கெனச் சுரண்டுவது கொல்லன் கைவண்ணத்தையே சுரண்டுவதாகும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, உள்ளே பழைய மருந்து உளதா என்று அறிதல். உலர்ந்த கரிமருந்து பல்லாண்டு கழிந்தும் வெடிக்கும். ஐயமிருப்பின் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளரையே நாடுக. இரண்டாவது, வெடித்த மருந்தின் கசடு ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். ஆதலின் ஈரமின்றி வைத்து, மென்துணியால் மெல்லிய எண்ணெய் தடவுக. மரக்கட்டைக்குச் சிறிது மெழுகு போதும். மூன்றாவது, 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். கண்ட பட்டறையில் கொடுத்தல் தகாது.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களைக் காணலாம். அங்கேயே 1930-ஆம் ஆண்டு வேதியியற் பாதுகாப்புக் கூடம் தொடங்கிற்று. எஸ். பரமசிவன் என்னும் தமிழர் அங்கு அரும்பணி ஆற்றினார். பழம்பொருளைப் புதிதாக்குவது அத்துறையின் நோக்கமன்று. மேலும் அழியாது காப்பதே நோக்கம்.

1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குத் தீமூட்டிய தோட்டாக்கள் என்பீல்டு துப்பாக்கிக்கு உரியவை. அதுவும் வாய்வழி மருந்திடும் வகையே. வரலாறு இத்தகைய குழல்களிலும் உறைகின்றது.

பிழைப்பு நாடி இவ்வூர் வந்த நாம், ஊரிலிருந்து கொணர்ந்தவை சிலவே. அவற்றைத் துடைப்போம், தேய்த்து அழியாதிருப்போம். பெயர் போனபின் பளபளப்பால் பயனென்ன?